தட்டு காலியானால் மருந்தை நிறுத்து

தவிட்டய்யாவுக்கு நான் எழுபத்திரண்டாயிரம் ரூபாய் பாக்கி வைத்திருந்தேன். மாதம் ஆறாயிரம் வீதம் ஒரு முழு வருடச் சம்பளம். இதை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் ஆகிவீடு ஊருக்குத் தெற்கே எந்த இறால் குளத்துக் கரையில் போய்க் கேட்டாலும், பேரய்யா ஒருவனுக்கும் ஒரு பைசா பாக்கி வைத்ததில்லை என்றுதான் சொல்வார்கள். அந்தப் பேரை நான் சும்மா வாங்கவில்லை.

மூன்றாம் வகுப்போடு எனக்குப் பள்ளிக்கூடம் முடிந்தது. கொல்லேறு ஏரிக்கரையில் அடுத்தவன் குளத்தில் இடுப்பளவு சேற்றில் நின்று கூலிக்கு மண் வாரினவன் நான். இன்று பதினெட்டு ஏக்கரில் ஆறு இறால் குளம், மாடி வீடு, கார். எங்கள் பக்கத்தில் வனாமி இறால் குஞ்சை முதன்முதலில் இறக்கியவன் நான்தான். பட்டம் வாங்கினவர்கள் நோட்டும் பேனாவுமாக என் கரையில் வந்து நின்று, "பேரய்யகாரு, தீவனம் எத்தனை கிலோ, மருந்து எந்த அளவு?" என்று கேட்டு எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். இதெல்லாம் ஊருக்கே தெரியும். தவிட்டய்யாவைப் பற்றி எழுதத்தான் ஆள் இல்லை. எழுத்து எனக்கு வளையாது. நான் சொல்லச் சொல்ல என் மருமகப்பிள்ளை எழுதுகிறார்.

தவிட்டய்யா ஸ்ரீகாகுளம் பக்கத்து ஆள். அவன் அம்மாவுக்கு முதல் மூன்று பிள்ளையும் தங்கவில்லை. நான்காவதாக இவன் பிறந்ததும் முறத்தில் கிடத்தி, பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒரு பிடி தவிட்டுக்கு விற்று, திரும்ப வாங்கியிருக்கிறார்கள். விலை போன பிள்ளையைச் சாவு சீண்டாதாம். அந்தப் பேரைச் சொல்லி அவனே சிரிப்பான்.

"ஒரு பிடி தவிட்டுக்குப் போன சரக்கு பாபூ நான். நீங்கதான் ஆறாயிரம் குடுத்துக் கெடுத்துட்டீங்க."

மனைவி பைடம்மாவோடு என்னிடம் வந்து சேர்ந்தான். பிள்ளைகள் இல்லை. ஊரில் முப்பது சென்ட் முந்திரித் தோப்பு அடகில் இருந்தது. அதை மீட்டுக்கொண்டு ஊர் திரும்ப வேண்டும். வந்த நாளிலிருந்து அவனுக்கு இருந்தது அந்த ஒரு நினைப்புதான். இரண்டாம் குளத்துக்கும் மூன்றாம் குளத்துக்கும் நடுவே கரையில் தகரக் கொட்டகை போட்டுக் கொடுத்தேன். பதினொரு வருடம் அங்கேதான் குடித்தனம்.

அவனைப் போல ஒரு குளத்து ஆள் எனக்கு முன்னும் கிடைக்கவில்லை, பின்னும் இல்லை. தண்ணீரை உள்ளங்கையில் அள்ளி மோந்து பார்த்து, "இன்னிக்கு மூச்சு முட்டுது பாபூ, இன்னொரு மிஷின ஓட விடலாம்" என்பான். கருவி வைத்து அளந்தால் அவன் சொன்னதுதான் இருக்கும். தண்ணீரை அடித்துக் காற்று ஏற்றும் இயந்திரங்களுக்கெல்லாம் பேர் வைத்திருந்தான். மூன்றாம் குளத்தில் அதிகச் சத்தம் போடுவதற்குப் பேர் மாமியார்.

"மாமியார் நின்னு போச்சு பாபூ. கெஞ்சிப் பாத்துட்டேன், வாயத் தெறக்கல."

கொட்டகைக்குள்ளிருந்து பைடம்மா குரல் கொடுப்பாள்: "எங்கம்மாவ ஒரு தடவ இழுக்காம இந்த மனுஷனுக்குச் சோறு எறங்காது. செத்து இருவது வருஷம் ஆச்சு, இன்னும் தண்ணிக்குள்ள நிக்க வெச்சிருக்காரு."

இனி மருந்துக்கு வருகிறேன். இதில்தான் எனக்குக் கர்வம் அதிகம் இருந்தது.

இறாலின் வால் சிவந்தால், கரையோரம் வந்து மந்தமாக நின்றால், மஞ்சள் பொடி. சமையல் மஞ்சள் இல்லை, நிறம்தான் மஞ்சள்; கிருமியைக் கொல்லும் மருந்து. தீவனக் கடையிலேயே கிலோக் கணக்கில் கிடைக்கும். கரையில் தார்ப்பாய் விரித்துத் தீவனத்தைக் கொட்டி, பொடியைத் தூவி, முட்டை வெள்ளையும் வெல்லப்பாகும் ஊற்றிக் கையால் பிசைய வேண்டும். பிசைவது தவிட்டய்யா. முழங்கை வரைக்கும் மஞ்சள் ஏறிக் கிடக்கும். பிசைந்த கையைக் குளத்திலேயே கழுவுவான். நான் அளவு சொல்வேன். முதல் வருடம் கிலோவுக்கு இரண்டு கிராம். அது கேட்கவில்லை என்றதும் மூன்று. பிறகு ஐந்து. மற்றவர்கள் பயந்து நின்ற இடத்தில் நான் எட்டுக்குப் போனேன். பேரய்யா துணிஞ்சவன் என்றார்கள். ஏன் வருடா வருடம் கூட்ட வேண்டியிருக்கிறது என்று ஒருவனும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. கடைக்காரன் கலப்படம் செய்கிறான் என்று நினைத்தேன்.

எப்போது நிறுத்துவது என்பதற்கும் என்னிடம் ஒரு கணக்கு இருந்தது. குளத்தில் கயிறு கட்டித் தீனித்தட்டு இறக்கி வைத்திருப்போம். இரண்டு மணி நேரம் கழித்துத் தூக்கினால் இறால் தின்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். நோய் வந்தால் தீனி அப்படியே இருக்கும். மருந்து போட்டு இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ தட்டு காலியாக வரும். வந்ததும் மருந்தை நிறுத்திவிட வேண்டும். பொடி விலை அப்படி. போதாததற்கு, சரக்கு எடுக்க வருகிற ஏற்றுமதிக்காரன் சோதனையில் மருந்து தெரிந்தால் லாரியைத் திருப்பி அனுப்பிவிடுவான். மிச்சப் பொடி ஒரு பிஸ்கட் டின்னில் போய் அடுத்த குளத்துக்குக் காத்திருக்கும். தட்டு காலியானால் மருந்தை நிறுத்து. இந்த வாக்கியம் என்னுடையது. எங்கள் கால்வாய் நெடுக எல்லாரும் இதைச் சொல்வார்கள். என் குளத்துத் தண்ணீரை மதகு திறந்து கால்வாயில் விடுவேன். கீழே உள்ளவன் அதைத்தான் தன் குளத்துக்கு ஏற்றுவான். மேலே உள்ளவன் விட்டதை நான் ஏற்றுவேன்.

வெள்ளைப்புள்ளி நோய் வந்த வருடம் ஆறு குளமும் போயிற்று. தவிட்டய்யாவுக்கு அந்த வருடச் சம்பளம் கொடுக்க முடியவில்லை. சம்பளத்தை மாதாமாதம் வாங்காமல் அறுவடையில் மொத்தமாக வாங்கிக்கொள்வதுதான் குளத்து ஆட்களின் வழக்கம். அறுவடை இல்லை என்றால் எங்கே போவேன்?

"இருக்கட்டும் பாபூ. ஊருக்குப் போறப்ப வாங்கிக்கறேன்" என்றான்.

அடுத்த வருடம் டன் டன்னாக எடுத்தேன். அந்தப் பணத்தில் மாடி எழுப்பினேன். சங்கராந்திக்குச் சங்கராந்தி பைடம்மா வாசலில் வந்து நிற்பாள். "என்கிட்ட இருந்தா பேங்குல இருக்கற மாதிரி" என்பேன். "பேங்குல கேட்டா குடுப்பாங்க பாபூ" என்று ஒருமுறை சொன்னாள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

அவன் வந்த பதினோராம் வருடம் ஆடி மாதம், மூன்றாம் குளத்தில் ஒரே வளர்ப்புக் காலத்துக்குள் மூன்றாவது முறையாக நோய். மஞ்சள் பொடி கேட்கவில்லை, கடைக்காரன் புதிதாக ஒரு வெள்ளைப் பொடி கொடுத்திருந்தான். அப்போதுதான் மாமியார் மறுபடி நின்றது. தவிட்டய்யா உள்ளே இறங்கிச் சரிசெய்கையில் உடைந்த இறக்கை ஒன்று அவன் இடது குதிகாலுக்கு மேலே கிழித்துவிட்டது. பெரிய காயம் இல்லை. இரண்டு விரல் நீளம். டின்னிலிருந்து கொஞ்சம் பொடி எடுத்து அப்பி, துணியால் கட்டிக்கொண்டு மறுபடி தண்ணீரில் இறங்கினான்.

இரண்டு நாளில் கால் வீங்கியது. நானே மோட்டார் சைக்கிளில் உட்கார வைத்து டாக்டரிடம் கூட்டிப் போனேன். ஐந்து நாள் மாத்திரை எழுதினார். தண்ணீரில் இறங்கக்கூடாது என்றார். காசு நான்தான் கொடுத்தேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் கொட்டகைப் பக்கம் போனேன். பைடம்மா கெண்டை மீன் குழம்பு வைத்திருந்தாள். தவிட்டய்யா ஒரு தட்டு சோற்றை வழித்துத் துடைத்துவிட்டு விரலை நக்கிக்கொண்டிருந்தான்.

"என்னடா, தட்டு காலியா?" என்றேன்.

"காலி பாபூ!"

"அப்ப மருந்த நிறுத்து."

மூன்று பேரும் சிரித்தோம். இல்லை, இரண்டு பேர் சிரித்தோம்.

"டாக்டரு அஞ்சு நாளுன்னு சொன்னாரே" என்றாள் பைடம்மா.

"அவருக்கு என்ன, எழுதறாரு. மாத்திர விக்கணும்ல. நான் இத்தன வருஷமா லட்சக்கணக்குல உசுரப் பாக்கறேன். பசி வந்துட்டா நோய் போயிடுச்சுன்னு அர்த்தம்."

"எறாலு சொல்லுமா பாபூ, எனக்கு இன்னும் வலிக்குதுன்னு?"

"ஏய், பாபுகிட்ட வாயாடாத" என்று தவிட்டய்யா அவளை அடக்கினான். மிச்ச மாத்திரையைத் தானே கொண்டுபோய் டின்னில் போட்டான். என் வார்த்தை அவனுக்கு அப்படி.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து மறுபடி வீங்கியிருக்கிறது. என்னிடம் சொல்லவில்லை. அறுவடை நேரம், பாபுவைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று டின்னைத் திறந்து மாத்திரை எடுத்து விழுங்கியிருக்கிறான். இரண்டு நாளில் பசி வந்தது, நிறுத்திவிட்டான். நான் கற்றுக்கொடுத்தபடியே.

மூன்றாவது முறை அவன் சொல்லத் தேவை இருக்கவில்லை. கரையில் நடந்துபோனபோது கொட்டகைக்கு இருபதடி முன்பே நாற்றம் வந்தது. கால் கறுத்திருந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. காரில் போட்டுக்கொண்டு பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். காசைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், நான் பேரய்யா என்று வாசலிலேயே சொன்னேன். அங்கே அந்தப் பேர் யாருக்கும் தெரியவில்லை.

புண்ணிலிருந்து பஞ்சில் ஒற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் அந்த டாக்டரம்மா, என் பெண் வயசு இருக்கும், ஒரு காகிதத்தோடு என்னைக் கூப்பிட்டார். காகிதத்தில் வரிசையாக மருந்துகளின் பேர். பக்கத்தில் ஒவ்வொரு எழுத்து. எனக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் மேலிருந்து கீழே ஏறக்குறைய ஒரே எழுத்தாக இருப்பது தெரிந்தது.

"பாஸா, பெயிலா அம்மா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "இந்த எழுத்து இருந்தா, அந்த மருந்துக்குக் கிருமி அசையலன்னு அர்த்தம். பதினாலு மருந்து வெச்சுப் பாத்தோம். பன்னெண்டுக்கு அசையல."

"மீதி ரெண்டு?"

"ஒண்ணு கிட்னிய அடிக்கும். இன்னொண்ணு விஜயவாடாலேர்ந்து வரணும். வந்தாலும் லேட்தான். அதுக்குள்ள கால எடுத்தாகணும். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. இவரு இதுவரைக்கும் என்ன மருந்து சாப்பிட்டாரு, எத்தன நாளு?"

சொன்னேன். மாத்திரை, டின், பொடி, தட்டு, எல்லாம். குளத்துக்கு என்ன போடுவேன் என்பதையும் சொன்னேன். எட்டு கிராம் என்று சொல்லும்போது பழக்கத்தில் குரல் கொஞ்சம் நிமிர்ந்துவிட்டது. அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஐயா, கிருமி எல்லாம் ஒரே மாதிரி இருக்காது. லட்சத்துல ஒண்ணு ரெண்டு பொறக்கறப்பவே மருந்தத் தாங்கும். மருந்து போட்டதும் மெலிஞ்சதெல்லாம் மொதல்ல சாகும். உடம்பு லேசாகும், பசிக்கும். அப்ப மிச்சம் இருக்கறது எது? கெட்டி. நிறுத்துனீங்கன்னா அதுங்களுக்கு எடம் காலி. இருவது நிமிஷத்துல ஒண்ணு ரெண்டாகும். அதோட நிக்காது. தாங்கற வித்தையப் பக்கத்துல இருக்கற வேற ஜாதிக் கிருமிக்கும் குடுத்துடும்."

"மனுஷன்கூடத் தன் வித்தைய அடுத்தவனுக்குக் குடுக்க மாட்டான்" என்றேன்.

படிக்காதவன் என்றாலும் எனக்கு அது உடனே விளங்கியது. விளங்காமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். குளத்தில் வலை இழுக்கும்போது முதல் இழுப்பில் மேலே திரிகிறதெல்லாம் வந்துவிடும். சேற்றுக்குள் புதைகிற இறால் வராது. மறுபடி மறுபடி இழுத்தால்தான் அதுவும் வரும். முதல் இழுப்போடு வலையைச் சுருட்டிக்கொண்டு கரையேறினால் குளத்தில் இருப்பது முழுக்கச் சேற்றில் புதைகிறது மட்டும்தான். இறால் குளத்தில் குட்டி போடாது, அதனால் பிழைத்தோம். கிருமி போடும். நான் பத்து வருடமாக முதல் இழுப்போடு வலையைச் சுருட்டியிருக்கிறேன். சேற்றில் புதைவதை மட்டும் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் அதிலும் நான்தான் முதல்.

"இது என் குளத்துலேர்ந்து வந்ததாம்மா?"

"அத நான் சொல்ல முடியாது. உங்க தண்ணிய யாரும் சோதிச்சுப் பாக்கல. கால்வாய்ல எத்தனையோ பேர் தண்ணி" என்றார். நல்ல பெண். என்னைத் தப்பவிடப் பார்த்தார்.

முழங்காலுக்குக் கீழே எடுப்பதாகச் சொன்னதும் பைடம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். தவிட்டய்யாதான் தேற்றினான்.

"முந்திரி பொறுக்க எதுக்குடி ரெண்டு காலு? குனிஞ்சா போதும். நீ பொறுக்கு, நான் ஒக்காந்து ஒடைக்கறேன்." என் பக்கம் திரும்பி, "பாபூ, இனிமே கொளத்த ஒரு சுத்து வர்றதுக்கு ரெண்டு மணி நேரம் ஆகும். சம்பளத்துல பிடிக்காதீங்க" என்றான்.

காலை எடுத்தார்கள். இரண்டு நாள் காய்ச்சல் இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் நின்று ஊருக்குப் போன் போட்டு, நான் பார்த்துக்கொண்டதால் பிழைத்தான் என்று எல்லாரிடமும் சொன்னேன். மூன்றாம் நாள் மறுபடி அனல். ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். கிட்னியை அடிக்கும் மருந்தை ஏற்றினார்கள். அது கிட்னியை அடித்தது. விஜயவாடா மருந்துக்குக் கார் அனுப்பினேன். ஒரு ஊசி எட்டாயிரம். பத்து வாங்கிவரச் சொன்னேன்.

ஐந்தாம் நாள் காலையில் போனபோது தவிட்டய்யா சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முகம் வீங்கி, கண் இரண்டும் கீறலாக இருந்தது. மடியில் தட்டு. என்னைப் பார்த்ததும் அதைத் தூக்கிக் காட்டினான்.

"பாருங்க பாபூ. தட்டு காலி."

இட்லி இரண்டும் தின்றுவிட்டானாம். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. தலையைத் தடவிக் கொடுத்து, சிங்கம்டா நீ என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பின்னாலேயே பைடம்மா வந்தாள். முந்தானைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துக் காட்டினாள். நாலு வேளைச் சோறும் இட்லியும் அதற்குள் இருந்தது.

"நீங்க வர்றப்ப தட்டு காலியா இருக்கணும்னு என்னக் கொட்டச் சொல்றாரு. பாபு மனசு ஒடஞ்சிடுவாருன்னு சொல்றாரு. மூணு நாளா ஒரு பருக்க எறங்கல."

அந்தப் பையை அவள் என்னிடம் நீட்டவில்லை. அவள் பாட்டுக்குக் குப்பைக் கூடைக்குக் கொண்டுபோனாள். 

விஜயவாடா மருந்து நாலு ஊசி போட்டார்கள். ஆறு மிச்சம். ஏழாம் நாள் மத்தியானம் தவிட்டய்யா போய்விட்டான். வயது நாற்பத்தேழு. கடைசியாக என்ன சொன்னான் என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஒன்றும் சொல்லவில்லை. வாயில் குழாய் இருந்தது.

ஸ்ரீகாகுளத்துக்கு உடம்பை எடுத்துப்போக வண்டி நான்தான் பிடித்தேன். தோப்பு அடகில் இருந்ததால் அங்கே எரிக்க விடவில்லை. பொதுச் சுடுகாட்டில் எரித்தோம்.

என் குளங்களில் இப்போது பொடி கிடையாது. வால் சிவந்தால் சிவக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன். பேரய்யாவுக்கு வயசாயிடுச்சு, பயம் வந்துடுச்சு என்கிறார்கள். மேலே உள்ளவர்கள் இன்னும் தட்டைத் தூக்கிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்கள் விடுகிற தண்ணீர்தான் எனக்கு வருகிறது. நிறுத்து என்று நான் சொன்னால், நீங்க சொல்லிக் குடுத்ததுதானே என்கிறார்கள்.

காரியமெல்லாம் முடிந்து பைடம்மா கொட்டகையைக் காலி செய்ய வந்தாள். நான் பணம் தயாராக வைத்திருந்தேன். ஐந்து லட்சம். யாரும் கேட்காமல், பஞ்சாயத்து இல்லாமல், நானாக எடுத்து வைத்தது. கூடத்தில் நாலு பெரிய மனிதர்களையும் உட்கார வைத்திருந்தேன். அவள் பாத்திர மூட்டையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தாள். கட்டுகளை நீட்டினேன்.

"இது என்ன பாபூ?"

"அஞ்சு லட்சம். வெச்சுக்கோம்மா."

"எதுக்கு?"

நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். கட்டுகளை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் தள்ளினேன். 

"ஆஸ்பத்திரிக்கு நீங்க செலவழிச்சீங்க. அது எனக்குத் தெரியும், ஊர்லயும் சொல்லியிருக்கேன்" என்றாள். "வெள்ளப்புள்ளி வருஷத்துச் சம்பளம் எழுபத்திரெண்டாயிரம் பாக்கி. அதக் குடுங்க, போறேன்."

"பைத்தியக்காரி, தோப்பு மீட்கவே அது பத்தாது. வட்டி ஏறியிருக்கும்."

"பத்தாதுதான். அது நடந்துபோய்ப் பாக்கணும்னு நெனச்ச மனுஷனோட தோப்பு. எனக்கு எதுக்கு?"

"கூட வாங்கிக்கோம்மா. என் மனசுக்காகவாவது."

"அதுக்காகத்தான் வேணாங்கறேன். கூட வாங்கினா தீந்துச்சுன்னு நெனச்சுக்குவீங்க." குரலை உயர்த்தவில்லை. கடையில் உப்பு விலை கேட்பதுபோலத்தான் சொன்னாள். "அவரு சம்பளம் மட்டும் போதும். எண்ணிக் குடுங்க."

 அவள் கையை நீட்டினாள். இரண்டு கட்டைப் பிரித்தேன். ஐந்நூறு ரூபாய் நோட்டு. நூற்று நாற்பத்து நான்கு எண்ண வேண்டும். மூன்றாம் வகுப்புக்காரனுக்குக் கணக்கில் பிழை வராது. அன்று இருபதில் விட்டுவிட்டேன், மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். அவள் கை நீட்டியபடியே இருந்தது. பத்துப் பத்தாகச் சத்தமாக எண்ணி, அந்த விரித்த உள்ளங்கையில் வைத்துக்கொண்டே போனேன், கடைசி நாலு நோட்டு வரைக்கும்.